பிள்ளையின் ஆசையும் உண்டியல் காசும்



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மாணவர் மூவர் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் உண்டியலுமாக என் கடை வாசலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை, "மாமா, கடும் நோயுள்ள பிள்ளைகளுக்காக நிதி திரட்டுகிறோம். உங்களால் இயன்றதைப் போடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"மருந்துச் செலவுக்கா அம்மா?" என்றேன்.

"இல்லை மாமா. அந்தப் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றுவதற்கு" என்றாள்.

நான் வியாபாரி. காசு எதற்குப் போகிறது என்று பார்த்தே பழகியவன். "மருந்துக்கென்றால் தரலாம். ஆசைக்கெல்லாம் காசு கேட்டால் ஆகுமா?" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் வாடிற்று. இருந்தும், "பரவாயில்லை மாமா, நன்றி" என்று சொல்லி அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

அவ்வேளையில் மல்லியும் மிளகாயும் வாங்க நம் சகோதரி ஒருவர் கடையில் நின்றுகொண்டிருந்தார். பல்லாண்டு வாடிக்கை. அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டு வைத்தியம் நடந்து வருவது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்நேரத்தில் அது என் நினைவில் இல்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "நானா, என் மகனுக்கு ஊசி போட ஆள் இருக்கிறது, மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது. 'உனக்கு என்னப்பா வேண்டும்?' என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிரவு கல்லாவை எண்ணி வைத்த பின்னும் அச்சொல் என்னை விடவில்லை. ஆகவே, அந்த மாணவர்கள் செய்யும் காரியம் யாது, அது எங்கே தொடங்கிற்று, அதில் பயன் உண்டா என்று படித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டேன். அறிந்ததை இம்மாதப் பாடமாக உங்கள்முன் வைக்கிறேன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் அன்றி வேறு படிப்பு இல்லாதவன் நான். பிழை கண்டால் பொறுத்தருள்க.

இது எங்கே தொடங்கிற்று?

அமெரிக்காவில் அரிஸோனா என்பது வெயில் மிகுந்த ஒரு மாநிலம். அங்கே கிரிஸ் கிரீஷியஸ் என்ற 7 வயதுச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய். வளர்ந்து போலீஸ்காரனாக வேண்டும் என்பதே அவன் ஆசை. வளர அவனுக்கு அவகாசம் இல்லை என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்துக்கு வேண்டிய சுங்க அதிகாரி ஒருவர் இதை மாநிலப் போலீஸாரிடம் சொன்னார்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவர்கள் அச்சிறுவனை ஹெலிகாப்டரில் ஏற்றித் தம் தலைமை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ரோந்துக் காரில் உட்கார வைத்தார்கள். அம்மாநிலத்தின் முதல் கௌரவப் போலீஸ்காரன் என்று அவனை ஏற்றுக்கொண்டார்கள். சீருடைக் கடையிலே இரண்டு பெண்கள் இரவு முழுதும் கண்விழித்து அவன் அளவுக்கு ஓர் உடுப்பைத் தைத்துக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் போலீஸாரைப் போலத் தனக்கும் சிறகுச் சின்னம் வேண்டும் என்றான். பாட்டரியில் ஓடும் சிறு வண்டியை ஓட்டச் செய்து, முறைப்படி பரீட்சை வைத்து, அதையும் கொடுத்தார்கள்.

மே மாதம் 3ஆம் நாள் அச்சிறுவன் இறந்தான். ஹெலிகாப்டரில் ஏறிய நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே நான்கே நாட்கள். நல்ல காரியம்தான், அடுத்த மாதம் பார்ப்போம் என்று அப்போலீஸார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவனுடைய அடக்கம் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. பிராங்க் ஷாங்க்விட்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் போலீஸ்காரரும் அவருடைய தோழரும் அவ்வளவு தூரம் சென்று, இறந்த போலீஸ்காரருக்குச் செய்யும் மரியாதையை அவனுக்குச் செய்தார்கள். இவனுக்குச் செய்ததை மற்றப் பிள்ளைகளுக்கும் ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது. சிறுவனின் தாயாரும் இன்னும் சிலரும் சேர்ந்துகொள்ள, அதே 1980ஆம் ஆண்டில் 'மேக்-எ-விஷ்' என்ற அறநிறுவனம் உண்டாயிற்று. 'ஓர் ஆசையைச் சொல்' என்பது அப்பெயரின் கருத்து.

வியாபாரிகளான நாம் கவனிக்கத்தக்க சங்கதி ஒன்று இதில் உண்டு. அந்நிறுவனத்துக்கு வந்த முதல் நன்கொடை 15 டாலர். அதைக் கொடுத்தவர் ஒரு மளிகைக்கடை நிர்வாகி. அவர் கொடுத்த வேளையில் இது இவ்வளவு தூரம் வளரும் என்று எவரும் கண்டதில்லை. இன்று அமெரிக்காவுக்கு வெளியே ஏறத்தாழ 50 நாடுகளில் இப்பணி நடக்கிறது. உலகெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஆசைகள் நிறைவேறியுள்ளன. நம் சிங்கப்பூரிலும் 2002ஆம் ஆண்டில் இப்பணி தொடங்கிற்று. இதைப் படித்தபோது, அந்தச் சனிக்கிழமை என் வாயிலிருந்து வந்த சொல்லை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஆசை யாருடையது?

பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நாமே முடிவு கட்டி, பொம்மை ஒன்றை வாங்கிக் கையில் திணித்துவிட்டு வருவது நம்மில் பலர் வழக்கம். இப்பணியின் முறை அதுவன்று. பெற்றோரோ, வைத்தியரோ, பிள்ளை தானோ விண்ணப்பிக்கலாம். நோயின் தன்மையை வைத்தியர் உறுதிசெய்ய வேண்டும். அதன் பின் பயிற்சி பெற்ற தொண்டர்கள், பெரும்பாலும் இருவராக, வீட்டுக்கு வந்து பிள்ளையோடு பேசி, உனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்கிறார்கள். தாய் தந்தையர் விரும்புவது வேறாக இருக்கலாம். அங்கே எடுபடுவது பிள்ளையின் சொல்தான்.

பிள்ளைகள் கேட்பவற்றை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்பது இரண்டு. ஒரு பொருள் வேண்டும் என்பது மூன்று. போலீஸ்காரன், சமையல்காரர் என்று ஒரு நாளாவது ஆகிப் பார்க்க வேண்டும் என்பது நான்கு. ஐந்தாவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது: பிறருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது. தான் நோயில் கிடக்கும்போதும், தனக்கு வேண்டாம், மற்றவர்களுக்குச் செய்யுங்கள் என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முறைப்படி அந்நிறுவனம் நிறைவேற்றிய முதல் ஆசை 1981ஆம் ஆண்டில். அவனும் 7 வயதுச் சிறுவன், அவனுக்கும் இரத்தப் புற்றுநோய். தீயணைப்பு வீரனாக வேண்டும், டிஸ்னிலாந்து போக வேண்டும், வெப்பக் காற்றுப் பலூனில் பறக்க வேண்டும் என்று மூன்றைச் சொன்னான். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அவனால் முடியவில்லை. மூன்றையும் செய்து கொடுத்தார்கள்.

மருந்திருக்க ஆசை எதற்கு?

என் வாயிலிருந்து வந்த கேள்வியே இது. உங்களில் பலர் மனத்திலும் இருக்கும். ஆகவே இதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

முதலாவது, கடும் நோய் என்றால் சாவு நிச்சயம் என்று கொள்வது பிழை. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு, 1960களின் தொடக்கத்தில் நல்ல வைத்தியம் இல்லை. மிகச் சிலரே பிழைத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆனால் அவ்வைத்தியம் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்கிறது. ஆகவே இந்த ஆசைகள் இறக்கப்போகிறவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இவற்றைப் பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைந்து வாழ்கிறார்கள்.

இரண்டாவது, அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எப்பொழுது எழுவது, எதைத் தின்பது, எந்தக் கையில் ஊசி, எத்தனை நாள் படுக்கை என்பதையெல்லாம் பெரியவர்களே முடிவுசெய்கிறார்கள். முடி கொட்டுகிறது, பள்ளி நின்றுபோகிறது, தோழர்கள் வருவதில்லை. அப்பிள்ளை தானாக முடிவுசெய்யும் காரியம் ஒன்றும் இல்லை. அத்தகைய நாட்களில் யாரோ ஒருவர் வந்து, "நீ சொல், நாங்கள் செய்கிறோம்" என்கிறார். என் கடையில் அந்தச் சகோதரி சொன்னதன் பொருள் இதுவே என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

மூன்றாவது, இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஒன்றைச் சேர்ந்தவர்கள், ஆசை நிறைவேறிய 496 பிள்ளைகளையும், வயதிலும் நோய் வகையிலும் நோயின் கடுமையிலும் அவர்களை ஒத்த, ஆசை பெறாத 496 பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். அதன் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர நேருவது குறைந்திருக்கும் வாய்ப்பு, ஆசை நிறைவேறிய பிள்ளைகளுக்கு 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைந்திருக்கும் வாய்ப்பு 1.9 மடங்கு அதிகம்.

இதை வைத்து ஆசையே மருந்து என்று சொல்லிவிடலாகாது. அது பழைய பதிவேடுகளைப் பார்த்துச் செய்த கணக்கு. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். மருந்தின் இடத்தில் ஆசையை வைக்க யாரும் சொல்லவில்லை. மருந்தோடு ஆசையும் இருக்கட்டும் என்பதே சொல்லப்படுவது. சோறு போடுகிற வீட்டில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசக்கூடாதா? அதுபோலத்தான் இதுவும்.

மாணவர்கள் செய்வது என்ன?

இப்பணிக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதி மாணவர் கைகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றும் கல்லூரி மாணவர்களுக்கென்றும் இதற்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு. 'கை ஒமேகா' என்ற கல்லூரி மாணவியர் சங்கம் 2002ஆம் ஆண்டிலிருந்து இந்நிறுவனத்தோடு சேர்ந்து நிதி திரட்டுகிறது. பலகாரம் சுட்டு விற்பது, கார் கழுவுவது, நடைப்பயணம் வைப்பது ஆகியவை அவர்கள் வழிகள். மேசிஸ் என்ற பெரிய அங்காடி, 2008ஆம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கிற்று. கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகள் எழுதிச் சேர்க்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அது ஒரு டாலர் கொடுக்கும். பள்ளிகள் கூட்டங்கூட்டமாக எழுதின. ஆக, கையில் காசில்லாத பிள்ளையும் இதில் பங்குகொள்ள வழியுண்டு.

நம் நாட்டுப் பள்ளிகளில் சமூகத் தொண்டுத் திட்டம் 1997ஆம் ஆண்டில் வந்தது. 2012ஆம் ஆண்டிலிருந்து அது 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' என்ற பெயரில் நடக்கிறது. சனிக்கிழமைகளில் உண்டியலோடு நிற்கும் பிள்ளைகளில் பலர் அவ்வழியில் வந்தவர்களே. இத்தனை மணி நேரம் என்று கணக்கெழுத வேண்டியிருப்பதால்தான் நிற்கிறார்கள் என்று சிலர் குறைகூறுவதுண்டு. இருக்கலாம். ஆயினும் வெயிலில் நான்கு மணி நேரம் நின்று, நூறு பேரிடம் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டும் முகம் கோணாமல் நன்றி சொல்கிற பிள்ளை, மணிக்கணக்கைவிடப் பெரிய ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. நிய்யத்தை நேராக்கிக் கொடுப்பது பெற்றோரின் வேலை. "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்று கேட்பதற்குப் பதிலாக, "யாருக்காக நின்றாய்? அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டுமாம்?" என்று வீட்டில் கேளுங்கள்.

உண்டியல் ஓர் அமானிதம்

இனி வியாபாரி என்ற முறையில் சில வார்த்தை. நோயுற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லி வாங்கிய காசு அப்பிள்ளையின் காசு. திரட்டுகிறவர் கையில் அது அமானிதம். நாமாகப் பத்துக் காசை வேறு காரியத்துக்கு எடுத்துப் பின்னர் வைத்துவிடலாம் என்பதும் கூடாது.

தெருவில் நிதி திரட்ட நம் நாட்டில் அரசாங்க அனுமதி வேண்டும். 'நல்ல காரியந்தானே' என்று நாலு பிள்ளைகள் தாமாக ஓர் உண்டியலைச் செய்துகொண்டு புறப்படலாகாது. பதிவுபெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். அன்றியும், அறநிறுவனம் ஓராண்டில் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேற்படலாகாது என்றும் விதி உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மாணவர்கள் கார் கழுவி 400 வெள்ளி சேர்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாளி, சோப்பு, விளம்பரத் தாள், பகல் சாப்பாடு, ஒரே நிறச் சட்டை எல்லாம் சேர்த்து 150 வெள்ளி. மிஞ்சியது 250. செலவு நூற்றுக்கு 37½ பங்கு ஆகிவிட்டது. நூற்றுக்கு 30 என்றால் 120 வெள்ளியோடு நிற்க வேண்டும். சட்டையை விட்டுவிட்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தால் கணக்கு சரியாயிருக்கும். காசு போட்டவர் நினைத்தது நோயுற்ற பிள்ளையை. நம் சட்டையை அவர் நினைக்கவில்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்த 5 வயதுச் சிறுவன் ஒருவன், படக்கதை வீரன் பேட்மனோடு சேர்ந்து ஒரு நாள் ஊரைக் காக்க ஆசைப்பட்டான். ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு வந்து தெருவில் நின்று அவனை வாழ்த்தினார்கள். கூட்டத்தைச் சமாளிக்க நகராட்சி 1,05,000 டாலர் செலவிட்டது. ஜனங்களின் வரிப்பணம் இதற்கா என்ற கேள்வி எழுந்தது. கொடையாளிகளின் அறக்கட்டளை ஒன்று அத்தொகையை ஏற்றுக்கொண்டது. சந்தோஷமான காரியத்திலும் 'இதற்குக் காசு கொடுத்தது யார்?' என்று கேட்பது தவறில்லை. பதில் தெளிவாக இருப்பதே காரியத்துக்கு அழகு.

கொடுக்கிற நமக்கும் கடமை உண்டு. அடையாள அட்டையைப் பாருங்கள். உண்டியல் முத்திரையிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியால் பணம் அனுப்பினால், திரையில் வரும் பெயர் அந்நிறுவனத்தின் பெயர்தானா என்று பார்த்தபின் அனுப்புங்கள். ஐயமிருந்தால் அரசாங்கத்தின் அறநிறுவனப் பதிவில் தேடலாம். கேட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளை நின்று பதில் சொல்லும்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்தப் பிள்ளை? பெயர் என்ன? படம் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். ஒரு வெள்ளி போட்டதற்காக ஒரு பிள்ளையின் நோயைப் பார்க்க நமக்கு உரிமை வந்துவிடாது. மாணவர்களும் இதை மறக்கலாகாது. அழுகிற முகத்தைக் காட்டினால் உண்டியல் விரைவில் நிறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை குணமாகிப் பள்ளிக்குத் திரும்பி வரும்போது, அந்தப் படம் அதற்கு முன்பே அங்கே போய் நிற்கும்.

மேலும் ஒன்று. நிதி திரட்டும் மாணவர் எவரும் நோயுற்ற பிள்ளைக்குத் தாமாக வாக்குக் கொடுக்கலாகாது. பணம் சேரவில்லை, வைத்தியர் சம்மதிக்கவில்லை என்றால் அவ்வாக்கு பொய்யாகும். நாம் ஏமாற்றத்தை மறந்துவிடுவோம். படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு மறக்க வேறு வேலை இல்லை.

நான் செய்தது

அச்சகோதரி மறுமுறை கடைக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் கணவரின் சம்மதத்தையும் பெற்று, ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனுக்கு 9 வயது. தலையில் தொப்பி. பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். நிறுவனங்கள் செய்கிற பெரிய காரியம் எதையும் நான் செய்ய இயலாதவன். என் கைக்கு அடங்கினால் செய்யலாம் என்பதே எண்ணம். அவன் நெடுநேரம் யோசித்தான். பிறகு, "மாமா, உங்கள் கல்லாவில் உட்கார்ந்து நான் சில்லறை கொடுக்க வேண்டும்" என்றான்.

வைத்தியரிடம் அவர்கள் கேட்டார்கள். இரத்த அணுக்கள் குறைந்திருக்கிறபடியால் இப்பொழுது கூட்டத்தில் விடலாகாது என்றார். ஆறு வாரம் காத்திருந்தோம். சம்மதம் கிடைத்த அன்று, கூட்டமில்லாத மதிய வேளையில், முகக்கவசம் அணிந்து வந்து ஒரு மணி நேரம் என் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினொரு பேருக்குச் சில்லறை கொடுத்தான். ஒருவருக்கு மட்டும் இருபது காசு கூடுதலாகப் போயிற்று. அவனே கண்டுபிடித்து, எழுந்து போய்த் திரும்ப வாங்கி வந்தான்.

வைத்தியம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு இறைவன் கையில். அந்த மாணவி மறுபடி என் கடைக்கு வரவில்லை. இதை அவள் படிக்க நேர்ந்தால், மாமாவின் பதில் மாறிவிட்டது என்று அறிந்துகொள்வாளாக.

வீட்டில் பிள்ளைகளோடு பேசுவதற்குச் சில கேள்விகள்

1. கிரிஸ் என்ற சிறுவனின் ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் வீட்டில் நாம் தள்ளிப்போட்டிருக்கும் நல்ல காரியம் எது?

2. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் விரும்பியதைக் கொண்டுபோகிறோமா, அவர் விரும்புவதைக் கேட்டுக்கொண்டு போகிறோமா?

3. 500 வெள்ளி திரட்ட எவ்வளவு செலவு செய்யலாம்? அச்செலவைக் குறைக்க மூன்று வழிகள் சொல்லுங்கள்.

4. நிதி திரட்டுகிற மாணவர் நோயுற்ற பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஏன் காட்டலாகாது?

5. உண்டியலோடு வருகிற பிள்ளைக்குக் காசு கொடுக்க இயலாதபோது எப்படிப் பதில் சொல்வது நல்லது?